பிளனேரியாவை வெட்டி இழப்பு மீட்டலைப் பார்ப்பது எப்படி: தண்ணீர் கரைப்பது முதல் அளவெடுப்பது வரை

நாம் வெட்டப்போகும் பிளனேரியா நன்னீரில் வாழும் ஒரு தட்டைப்புழு. வெட்டிய துண்டுகள் இழந்ததைத் திரும்பக் கட்டிக்கொள்வதுதான் இழப்பு மீட்டல். வெட்டுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன் மூன்று வாரம், பின் இரண்டு வாரம். சோதனை தேறுவதும் தோற்பதும் அந்த ஐந்து வாரத்தில்தான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் புழு கைக்கு வந்த மறுநாளே பிளேடை எடுத்துவிடுகிறார்கள். நான்காம் நாள் கிண்ணத்தைத் திறந்தால் புழு இருக்காது, கொழகொழவென்று ஏதோ மிதக்கும். "வெட்டு சரியில்லை போல" என்பார்கள். நான் பார்த்தவரை பத்துக்கு எட்டு முறை தப்பு தண்ணீரிலோ தீனியிலோ வெப்பத்திலோதான் இருந்தது.

கீழே உள்ள நாள் கணக்கெல்லாம் ஸ்மிட்டியா மெடிட்டரேனியா இனத்துக்கு, 20 டிகிரி செல்சியஸில். வேறு இனமோ வேறு வெப்பமோ என்றால் கணக்கு மாறும்.

1. முதலில் புழுவை உறுதி செய்யுங்கள்

ஆய்வகங்களில் அதிகம் வளர்ப்பது ஸ்மிட்டியா மெடிட்டரேனியாவின் பாலிலா வகை. பார்சிலோனா நகரத்து நீரூற்று ஒன்றில் பிடித்த புழுக்களின் வழி வந்தது. தன்னைத்தானே இரண்டாகப் பிய்த்துக்கொண்டு பெருகுவதால் எல்லாப் புழுவும் ஏறக்குறைய ஒரே மரபணு. ஒரு புழுவுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் முதல் சோதனைக்கு இதுதான் வசதி. டுகேசியா ஜப்போனிகாவும் நல்ல இனம்தான்.

ஓடையில் பிடித்தால் அடையாளம் பாருங்கள். தலை முக்கோணமாக, இரண்டு கண்புள்ளிகளோடு இருக்கும். வயிற்றுப்புறத்து குறுயிழைகளால் வழுக்கிக்கொண்டு போகும். உடலை வளைத்து வளைத்து அடியளந்து நடந்தால் அது அட்டை.

மழைக்காலத்தில் தோட்டத்து ஈர மண்ணில் நெளியும் சுத்தியல் தலைப் புழுவைக் கொண்டுவந்து "இதுவும் பிளனேரியாதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. உறவுதான், ஆனால் அது நிலத்தில் வாழ்வது. அந்தக் கூட்டத்தில் சிலவற்றின் உடலில் டெட்ரோடோடாக்சின் நஞ்சு இருப்பது உறுதியாகியிருக்கிறது. வெறுங்கையால் தொடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

இன்னொன்று: எல்லா நன்னீர்த் தட்டைப்புழுவும் தலையை மீட்காது. டெண்ட்ரோசீலம் லாக்டியம் என்ற ஐரோப்பியப் புழுவின் பின்பாதியை வெட்டி வைத்தால் காயம் மூடும், தலை வராது. அதனால் பிடித்த புழு எதுவானாலும் ஐந்தை மட்டும் வெட்டி இரண்டு வாரம் பாருங்கள். அதற்கப்புறம் பெரிய சோதனையைத் திட்டமிடுங்கள்.

2. தண்ணீர்: இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள்

குழாய்த் தண்ணீர் வேண்டாம். குளோரின், செம்பு இரண்டும் இந்தப் புழுவுக்கு ஆகாது. வெறும் காய்ச்சி வடித்த நீரும் வேண்டாம். அதில் உப்பே இல்லாததால் புழு ஊதிப்போய் கரையும்.

10 லிட்டர் வடிநீருக்கு அளவு இது: சோடியம் குளோரைடு 0.94 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.47 கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 2.46 கிராம், மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 0.20 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.075 கிராம், சோடியம் பைகார்பனேட் 1.01 கிராம். பி.எச். 7-க்குக் கொண்டுவாருங்கள்.

கரைக்கும் வரிசை முக்கியம். கால்சியம் குளோரைடையும் பைகார்பனேட்டையும் ஒரே குவளையில் கொஞ்சம் நீரில் போட்டுக் கலக்கினால் சுண்ணாம்பாக வெள்ளை வீழ்படிவு இறங்கும். அதோடு கால்சியமும் கணக்கிலிருந்து போய்விடும். முதலில் 9 லிட்டரில் மற்ற உப்புகளைக் கரையுங்கள். பைகார்பனேட்டைத் தனியாக ஒரு லிட்டரில் கரைத்துக் கடைசியில் ஊற்றுங்கள்.

பாட்டில் லேபிளையும் படியுங்கள். மேலே சொன்ன எடை படிகநீர் உள்ள உப்புகளுக்கு. அலமாரியில் நீரற்ற கால்சியம் குளோரைடு இருந்தால் 1.11 கிராம் போதும். இதைப் பார்க்காமல் ஒரு மாதம் தவறான தண்ணீரில் வளர்த்தவன் நான்தான்.

3. பாத்திரமும் வெப்பமும்

சாப்பாடு வைக்கும் தரத்துப் பிளாஸ்டிக் டப்பா போதும். புதிதாக வாங்கி, "புழுவுக்கு மட்டும்" என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். சோப்பு போட்டுக் கழுவிய பாத்திரத்தில் எவ்வளவு அலசினாலும் ஒரு படலம் மிஞ்சும், அது போதும் புழுவைக் கொல்ல. பாத்திரத்தில் படியும் புழுவின் கோழையை வெந்நீரும் காகிதத் துண்டும் கொண்டு துடைத்தெடுங்கள். முன்பு ஃபார்மலின் இருந்த டப்பாவைத் தொடவே வேண்டாம்.

வெப்பம் 18 முதல் 20 டிகிரி, இருட்டில். சென்னை, மதுரை அறை வெப்பத்தில் ஸ்மிட்டியா தாங்காது. நம் கல்லூரிகளில் எப்படியும் ஒரு பி.ஓ.டி. இன்குபேட்டர் (வெப்பத்தை ஒரே அளவில் வைக்கும் பெட்டி) இருக்கும், அதை 20-ல் வையுங்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துப் பார்த்தோம். காலையில் 12, மாலையில் 27 என்று ஆடியது. ஏற்ற இறக்கம் இருந்தால் மீட்டல் வேகமும் ஆடும், எந்த நாளை எந்த நாளோடு ஒப்பிடுவது?

இன்குபேட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஒரு சனிக்கிழமை மின்சாரம் போய், திரும்பி வந்தபோது இயந்திரம் தானாகத் தொடங்கவில்லை. மே மாதம். திங்கட்கிழமை நூற்றுச் சொச்சம் புழுக்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

4. இரண்டு வாரம் பழக்குங்கள், தீனி போடுங்கள்

பயணத்தில் வந்த புழுவை உடனே வெட்டாதீர்கள். நலிந்த புழு காயத்தைத் தாங்காது, அது நலிந்திருக்கிறது என்பது வெளியே தெரியவும் செய்யாது. வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை தீனி போட்டு, ஆர்வமாகத் தின்கிறதா என்று பாருங்கள். தீனிக்கு ஓடி வருவதுதான் இதன் மருத்துவச் சான்றிதழ்.

மாட்டு ஈரல் சிறந்தது, கோழி ஈரலும் ஆகும். சவ்வு, நரம்பு, பித்தம் எல்லாம் நீக்கி அரைத்து, சல்லடையில் தேய்த்து, சின்னச் சின்னப் பொட்டலமாக உறைய வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் மிச்ச ஈரலை எடுத்து, தண்ணீரை முழுக்க மாற்றுங்கள். மறுநாள் இன்னொரு முறை மாற்றுங்கள். "நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று விட்ட ஈரல் இரவோடு இரவாக அழுகும். பாக்டீரியாவுக்கு விருந்து, புழுவுக்குச் சாவு.

5. ஒரு வாரம் பட்டினி

வெட்டுக்கு முன் குறைந்தது 7 நாள் தீனி இல்லை. கேட்க இரக்கமற்றதாகத் தோன்றும், ஆனால் இந்தப் புழு மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். உடலைச் சுருக்கிக்கொண்டே போகும், உடல் விகிதம் மட்டும் கெடாது.

காரணம் இரண்டு. குடல் உடல் முழுக்கக் கிளைவிட்டிருப்பதால், தின்ற புழுவை வெட்டினால் ஈரல் கலங்கல் வெளியே வழிந்து கிண்ணத்தைக் கெடுக்கும். மற்றது, தீனி விழுந்ததும் நியோபிளாஸ்டுகள், அதாவது இழந்ததையெல்லாம் திரும்பக் கட்டும் ஸ்டெம் செல்கள், மும்முரமாகப் பிரியத் தொடங்கும். காயத்தால் வந்த பிரிவு எது, சாப்பாட்டால் வந்தது எது என்று அப்புறம் பிரித்துச் சொல்ல முடியாது.

எல்லாப் புழுவுக்கும் ஒரே நாளில் கடைசித் தீனி போடுங்கள். ஒரு குழு 7 நாள், இன்னொரு குழு 12 நாள் என்றால் நீங்கள் ஒப்பிடுவது வெட்டை அல்ல, பட்டினியை.

6. முந்தைய நாள்: ஆள் எடுப்பு

5 முதல் 8 மி.மீ. நீளமுள்ளவை. எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். பெரியவை வெட்டும்போது கிழியும், சிறியவற்றில் இடம் பிடித்து வெட்டக் கை வராது.

அடுத்து நான் எப்போதும் நின்று பார்க்கும் இடம்: இரு முனைகளையும் ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பாருங்கள். தலையும் வாலும் உடம்பின் அதே பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். வால் முனை மொட்டையாக, வெளிறி இருந்தால் அது ஓரிரு நாள் முன்புதான் தன்னைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. அதாவது மீட்டல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அதை வெட்டினால் உங்கள் "நாள் 0" பொய். புதியவர்களின் வரைபடத்தில் ஒன்றிரண்டு புள்ளி விண்ணில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தேர்ந்தெடுத்தவற்றைப் புதுத் தண்ணீரில் தனியே வையுங்கள். வெட்டாமல் விடும் ஐந்து புழுவையும் இப்போதே ஒதுக்குங்கள். நாளை கிண்ணத்தில் சாவு வந்தால், தண்ணீரால் வந்ததா வெட்டால் வந்ததா என்று அவைதான் சொல்லும்.

7. வெட்டு

மேசையில் இருக்க வேண்டியவை: தட்டு நிறைய ஐஸ், அதன் மேல் கவிழ்த்த பெட்ரி தட்டு, தட்டின் மேல் நனைத்த வெள்ளை வடிதாள், 11-ஆம் எண் ஸ்கால்பெல் பிளேடு அல்லது புதிய ஷேவிங் பிளேடு, முனை வெட்டிய பிளாஸ்டிக் துளிக்குழாய். முனையை வெட்டாவிட்டால் குறுகிய வாயில் உரசிப் புழு கிழியும். இடுக்கி வேண்டாம்.

புழுவை வடிதாளில் விட்டதும் சுருங்கும். உடனே வெட்டாதீர்கள். சுருண்ட புழுவில் எந்த இடம் எது என்று தெரியாது, வெட்டும் கோணலாகப் போகும். குளிர் ஏற ஏற இயக்கம் மந்தமாகி, அரை நிமிடத்தில் உடல் நீளும். அந்தக் கணத்தில் பிளேடை நேராக மேலிருந்து ஒரே அழுத்து. ரம்பம் போல அறுக்கக் கூடாது. அறுத்தால் விளிம்பு பிசிறாகி, காயம் மூடத் தாமதமாகும்.

உடலின் நடுவே வெளிறித் தெரியும் நீள்குழல்தான் தொண்டை. முதல் வெட்டு அதற்கு முன்னால், இரண்டாவது அதற்குப் பின்னால். தலை, நடு, வால் என மூன்று துண்டு. நடுத்துண்டு இரண்டு பக்கமும் கட்ட வேண்டும், வால் துண்டுக்கு மூளை, கண், தொண்டை எல்லாம் புதிது, தலைத்துண்டுக்குத் தொண்டையும் பின்னுடலும் புதிது. 10 புழு என்றால் 30 துண்டு. வகைக்கு ஒரு கிண்ணம்.

தொண்டையின் குறுக்கே வெட்டிவிட்டால் அது வெளியே நழுவி, தனி உயிர் போல நெளியும். பயப்பட வேண்டாம், அந்தப் புழுவைக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம்.

ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு பிளேடைத் துடையுங்கள். கோழை படிந்த பிளேடு அடுத்த புழுவை வெட்டாமல் இழுக்கும்.

எங்கே வெட்டினாலும் முளைக்கும் என்று நம்பி வருகிறவர்கள் அதிகம். அமெரிக்க உயிரியலாளர் மோர்கன் 1898-இல் புழுவின் 279-இல் ஒரு பங்கு துண்டிலிருந்து முழுப் புழு வரும் என்று கணக்கிட்டதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆனால் கண்புள்ளிகளுக்கு முன்னால் உள்ள நுனியில் நியோபிளாஸ்ட் கிடையாது, தொண்டையிலும் கிடையாது. அந்தத் துண்டுகள் எவ்வளவு பெரிதானாலும் மீளாது. நான் வேண்டுமென்றே ஐந்து நுனிகளை வெட்டி ஒரு கிண்ணத்தில் போட்டு வைப்பேன். காசில்லாமல் கிடைக்கும் எதிர்மறைக் கட்டுப்பாடு, அதாவது மீளாது என்று முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கிண்ணம் அது. எக்ஸ்-கதிர் பாய்ச்சி நியோபிளாஸ்டுகளைக் கொல்லும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இன்னொரு கட்டுப்பாடு: சில புழுக்களில் சதையை எடுக்காமல் ஒரு சின்னக் கீறல் மட்டும் போடுங்கள். கீறலுக்கும் சரி, வெட்டுக்கும் சரி, சுமார் 6 மணி நேரத்தில் உடல் முழுக்கச் செல் பிரிவு ஏறும். 48 முதல் 72 மணி நேரத்தில் காயத்தருகே வரும் இரண்டாவது ஏற்றம் சதை உண்மையில் இழந்தால் மட்டுமே வரும். காயம் ஆறுவது வேறு, இழப்பை மீட்பது வேறு என்பதை இந்த இரண்டு கிண்ணமும் பக்கத்தில் இருந்தால்தான் காட்ட முடியும்.

8. முதல் 24 மணி நேரம்

துண்டுகளை இரண்டு முறை புதுத் தண்ணீரில் அலசி, 9 செ.மீ. பெட்ரி தட்டில் பத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். தண்ணீர் 20 மில்லியாவது இருக்கட்டும். ஜென்டமைசின் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் சேர்த்தால் பாக்டீரியா அடங்கும்.

மூடி, 20 டிகிரி, இருட்டு. அன்று மறுபடி திறக்காதீர்கள். தசை இறுகி வெட்டு வாய் சில நிமிடங்களில் சுருங்கும், மணி நேரம் ஆவதற்குள் மெல்லிய மேற்தோல் மூடிவிடும். அந்த நேரத்தில் படம் எடுக்கிறேன் என்று துளிக்குழாயில் உறிஞ்சினால் மூடின வாய் பிளக்கும்.

மறுநாள் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. கரைந்துபோன துண்டு கண்ணில் பட்டால் அப்போதே எடுங்கள், ஆனால் எடுக்கும் முன் நோட்டில் குறியுங்கள். எத்தனை செத்தது என்பதும் முடிவுதான். தீனி கிடையாது. தொண்டை இல்லாத துண்டுக்கு வாயில்லை, ஈரல் அழுகுவதுதான் மிச்சம். 10-ஆம் நாளுக்கு மேல் யோசிக்கலாம்.

9. எந்த நாளில் எதைப் பார்ப்பது

2, 3-ஆம் நாள் வெட்டிய ஓரத்தில் நிறமில்லாத வெள்ளைத் தொப்பி போல ஒன்று தெரியும். அதுதான் பிளாஸ்டீமா. கீழே கருப்புத் தாளை வைத்தால் எடுப்பாகத் தெரியும்.

5, 6-ஆம் நாள் வால், நடுத் துண்டுகளின் முன்முனையில் இரண்டு கரும்புள்ளி, முதலில் ஊசி முனை அளவில். ஒரே ஒரு புள்ளி தெரிந்தால் மறுநாளும் பாருங்கள். ஒரு கண் முந்துவது சகஜம். ஒரு வாரத்தை ஒட்டித் தொண்டை உருவாகும். இரண்டு வாரத்தில் புதுப்பகுதிக்கும் நிறம் ஏறி, எது பழசு எது புதுசு என்று தெரியாமல் போகும்.

தலைத்துண்டு பற்றி ஒரு எச்சரிக்கை. கண் முளைப்பதை மட்டும் "மீட்டல்" என்று எண்ணிக்கொண்டு, தலைத்துண்டுகளுக்கு நேராக "மீளவில்லை" என்று எழுதிய நோட்டை நான் திருத்தியிருக்கிறேன். அதற்குக் கண் ஏற்கெனவே இருக்கிறதே! அங்கே பார்க்க வேண்டியது தொண்டையும் வாலும், அப்புறம் பெரிய தலை சின்ன உடம்புக்கு ஏற்றபடி சிறுத்துக்கொண்டு வருவதும்.

இந்தச் சிறுத்தல்தான் சுவையான இடம். வெட்டிய ஓரத்தில் புதுச் சதை முளைப்பது எபிமார்ஃபோசிஸ், பழைய சதை தன்னை மாற்றி அமைத்துக்கொள்வது மார்ஃபலாக்சிஸ் என்று பரீட்சைக்குப் பிரித்துப் படித்திருப்பீர்கள். ஒரே தலைத்துண்டில் இரண்டும் ஒன்றாக நடப்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

10. அளப்பது

நீளத்தை அளக்காதீர்கள். ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும் உயிர் இது. பிளாஸ்டீமாவின் பரப்பை உடல் பரப்பால் வகுத்த விகிதத்தை எடுங்கள். குளிர்த் தட்டில் நீட்டிய நிலையில் ஒரு துண்டுக்கு மூன்று படம், ஒரே உருப்பெருக்கத்தில், அளவுகோலோடு. கைபேசியைக் கண்வில்லையில் பிடித்து எடுப்பதானாலும் சரி, ஸ்டாண்டு வைத்துப் பிடியுங்கள்.

கிண்ணத்துக்குச் சங்கேத எண் போட்டு, எது எந்தக் குழு என்று தெரியாத நண்பரிடம் அளக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டீமாவின் ஓரம் எங்கே முடிகிறது என்பது கொஞ்சம் பார்க்கிறவர் மனத்தைப் பொறுத்தது. எந்தக் கிண்ணத்தில் மருந்து என்று தெரிந்தால் கை தானாகச் சாயும்.

11. மருந்தோ ஆர்.என்.ஏ. குறுக்கீடோ சேர்ப்பதானால்

மேலே சொன்னதை மருந்தில்லாமல் இரண்டு முறை செய்து, இரண்டு முறையும் 90 சதவீதத்துக்கு மேல் துண்டுகள் மீண்டால் மட்டும் இங்கே வாருங்கள். அடிப்படை ஆடிக்கொண்டிருக்கும்போது எந்த மருந்தும் "வேலை செய்யும்".

மருந்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தால் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் உள்ள கிண்ணமும் வேண்டும். நான் 0.1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்பது ஒரு மரபணுவை அடக்கிப் பார்க்கும் முறை. அதற்கு இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ஈரலில் கலந்து ஊட்ட வேண்டும். கட்டுப்பாட்டுக்கு, பிளனேரியாவில் இல்லாத ஒரு மரபணு, சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவின் அன்க்-22 வழக்கமான தேர்வு. முதல் முயற்சிக்கு பீட்டா-கேட்டனின்-1 என்ற மரபணு நல்லது. அதை அடக்கினால் வால் வர வேண்டிய இடத்தில் தலை வரும். 2008-இல் வெளிவந்த இந்த முடிவில் ஐயத்துக்கு இடமில்லை, கண்ணாலேயே தெரியும், சாயம் ஏற்றத் தேவையில்லை. மருந்தில்லாத கிண்ணத்திலும் எப்போதாவது இருதலைப் புழு தென்பட்டால் துண்டின் அகலத்தைப் பாருங்கள். மிக மெல்லிய குறுக்குத் துண்டுகள் சில நேரம் தாமாகவே இருபுறமும் தலை கட்டும். அதனால்தான் குறுக்கீட்டுச் சோதனையில் நடுத்துண்டு அகலமாக இருக்க வேண்டும்.

12. மிச்சத்தைக் கழிவு நீரில் ஊற்றாதீர்கள்

பழைய தண்ணீர், அலசிய தண்ணீர், கரைந்ததாகத் தோன்றும் துண்டு எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேருங்கள். வடிதாளில் ஒட்டிய துணுக்கையும் விடாதீர்கள், அதுவும் இரண்டு வாரத்தில் ஒரு புழு. ஸ்மிட்டியா நம் நீர்நிலைகளுக்கு உரியதல்ல. வட அமெரிக்காவைச் சேர்ந்த ஜிரார்டியா டிக்ரினா இப்படித்தான் மனிதர் கைவழியே ஐரோப்பிய ஆறுகளில் குடியேறியது.

வாளியில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஒரு இரவு விட்டுவிட்டு அப்புறம் கொட்டுங்கள். பிளீச்சிங் வாளியும் வளர்ப்பு டப்பாவும் ஒரே தொட்டியில் கழுவக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி இடம் இல்லையென்றால் டப்பாவை முதலில் கழுவி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வாளியைக் கடைசியில் தொடுங்கள்.